கோல்ஃப் மட்டையின் கழுத்தில் படும் பந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில், கோல்ஃப் பழகத் தொடங்கியிருப்பவர்களுக்காக வெளிவந்த குறிப்பில், 'ஷாங்க்' என்ற பிழையைப் பற்றி ஒரு பத்தி இடம்பெற்றிருந்தது. மட்டையின் முகம், அதாவது பந்தை அடிக்கும் தட்டையான பரப்பு, திறந்திருப்பதால்தான் (வலப்பக்கம் திரும்பியிருப்பதால்தான்) பந்து வலப்பக்கம் பறந்து போகிறது என்றும், பந்திலிருந்து இன்னும் சற்றுத் தள்ளி நின்று, முகத்தைக் கொஞ்சம் மூடிப் பிடித்து, தலையை நிமிர்த்தாமல் அடித்தால் சரியாகிவிடும் என்றும் அதில் எழுதப்பட்டிருந்தது. தமிழில் கோல்ஃப் பற்றி யாராவது எழுதுவதே அபூர்வம் என்பதால் அந்தப் பக்கத்தை நான் கத்தரித்து வைத்திருக்கிறேன். ஆனால் இந்த மூன்று யோசனைகளையும் ஒன்றுவிடாமல் நான்கு மாதம் கடைப்பிடித்து, ஷாங்க் கூடியதே தவிரக் குறையாத அனுபவம் எனக்கு உண்டு. அதே பள்ளத்தில் தங்கள் வாசகர்களும் விழ வேண்டாம் என்பதற்காக இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஷாங்க் என்பது என்ன என்பதை, பந்தும் மட்டையும் தொட்டுக்கொள்ளும் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். ஒருவர் தம் பையில் 14 மட்டைகள் வரை வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. அவற்றில் 'அயன்' என்றும் 'வெட்ஜ்' என்றும் வழங்கும் இரும்புத் தலை மட்டைகளில், தட்டையான முகம் முடியும் இடத்தில், ஆடுபவரின் கால் பக்கமாக, தண்டு வந்து செருகி நிற்கும் குழல் போன்ற ஒரு பகுதி இருக்கிறது. 'ஹோசல்' என்பது அதன் பெயர். கழுத்து என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். முகம் தட்டையானது, கழுத்து உருண்டையானது. பந்து முகத்தில் படாமல் அந்தக் கழுத்தில் பட்டால் அதுதான் ஷாங்க். கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கர் காயின் நடுவில் படாமல் நூலிழை விலகிப் பட்டாலும் காய் எந்தத் திசையில் ஓடும் என்பது அந்த ஆட்டத்தைத் தொட்டவர்கள் எல்லோருக்கும் தெரியும். உருண்டையான இரண்டு பொருள்கள் மோதினால் அப்படித்தான். வலக்கைக்காரர் அடித்த பந்து இலக்கை விட்டுவிட்டு வலப்பக்கம், சில சமயம் 45 பாகைக்கும் மேலாக, தாழ்வாகச் சீறிக்கொண்டு போவது இதனால்தான். இடக்கைக்காரருக்கு இதையே திருப்பிப் போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

டிரைவர் போன்ற பெரிய தலை மட்டைகளில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. அவற்றில் தண்டு தலையின் மேற்பக்கமாக இறங்குகிறது. அயனில்தான் கழுத்து முகத்தை ஒட்டியே, பந்து வரக்கூடிய உயரத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறது. முகத்தின் நடுப்புள்ளிக்கும் கழுத்தின் வளைவு தொடங்கும் இடத்துக்கும் நடுவே உள்ள தூரம் ஏறத்தாழ ஓர் அங்குலம்தான். கோல்ஃப் பந்தின் விட்டம் குறைந்தது 42.67 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. ஆக, இறங்கி வரும் மட்டை தான் வரவேண்டிய பாதையைவிட ஒரு பந்தின் அகலம்கூட வெளியே தள்ள வேண்டியதில்லை. அதில் பாதிக்குச் சற்று மேல் தள்ளினாலே பந்து கழுத்தில் விழும். "ஷாங்க்தான் மிக நல்ல அடிக்குப் பக்கத்து வீடு" என்று ஆறுதல் சொல்கிறவர்கள் இந்த அங்குலத்தை வைத்துத்தான் சொல்கிறார்கள். அளவுகோலை வைத்துப் பார்த்தால் அது உண்மைதான். புதருக்குள் பந்தைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அதனால் எந்த ஆறுதலும் ஏற்படுவதில்லை என்பதும் உண்மைதான்.

இங்கேதான் தங்கள் குறிப்பின் முதல் யோசனை பிசகுகிறது. முகம் திறந்திருந்தாலும் பந்து முகத்தின் நடுவில் பட்டால், அது வலப்பக்கமாகக் கிளம்பி மேலும் வலப்பக்கம் வளையுமே தவிர, ஆகாயத்தில் உயர்ந்து, தூரம் போய்த்தான் விழும். அதற்கு 'ஸ்லைஸ்' என்று வேறு பெயர் இருக்கிறது, வேறு மருந்தும் இருக்கிறது. முகம் நன்றாக மூடியிருக்கும்போதும் கழுத்து வெளியே வந்துவிட்டால் ஷாங்க் விழும். வலப்பக்கம் போனது என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு முகத்தை மூடுவது, இருமல் என்றதும் கேட்காமல் கொள்ளாமல் ஏதோ ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுப்பதைப் போன்றது. முகம் அளவுக்கு மீறித் திறந்துகொண்டே இறங்கினால் கழுத்து முந்திக்கொண்டு பந்தை நோக்கி வரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஷாங்க் அடிக்கிற எல்லோருக்கும் அதுவே காரணம் என்று கொள்வதற்கில்லை. எனக்கு அது காரணமாக இருக்கவில்லை.

எனக்கு எது காரணம் என்பதைக் கண்டுபிடித்தவர் ஒரு கேடி, அதாவது ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு உடன் வருபவர். நான் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 61ஆம் வயதில் இந்த ஆட்டத்துக்கு வந்தவன். பழக ஆரம்பித்த இரண்டாம் ஆண்டில் ஷாங்க் தொற்றிக்கொண்டது. தொற்று என்ற சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். ஒரு நாள் ஒன்று விழும், மறு வாரம் மூன்று விழும், அதன்பின் ஏழாம் எண் அயனைக் கையில் எடுத்தாலே உள்ளங்கை வியர்க்கும். நான் பயிற்சி பெற்ற இடத்தில் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு பாடம் சொன்னவர், ஏறக்குறைய தங்கள் குறிப்பில் உள்ளதையே சொன்னார். தள்ளி நின்றேன். முகத்தை மூடினேன். தலையைக் கல்லாக்கிக்கொண்டேன். ஒரு நாள் காலை, எனக்கு வலப்பக்கத்தில் பத்தடி முன்னால் பையை வைத்துக்கொண்டு நின்றிருந்த அந்தக் கேடியின் முழங்காலை உரசிக்கொண்டு பந்து பறந்தது. பையில் செருகியிருந்த தண்ணீர்ப் பாட்டில் வெடித்துச் சிதறியது. அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். நனைந்த கால்சட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டார், என்னையும் பார்த்தார்.

"அண்ணா, மன்னிச்சுக்குங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல" என்றேன்.

"அது இருக்கட்டுங்க சார். பந்து வெச்ச எடத்துலயேதானுங்க இருக்குது. நீங்கதானுங்க அதுகிட்டப் போறீங்க" என்றார்.

அதுவரை நான் வாங்கிய பாடங்கள் எதிலும் இந்த விஷயம் இல்லை. அவர் அதைச் சொன்னதோடு நிற்கவில்லை. மதிப்பெண் அட்டை எழுதுவதற்காகச் சட்டைப் பையில் வைத்திருந்த மார்க்கர் பேனாவை எடுத்து, பந்தில் நான் அடிக்கப்போகும் பக்கத்தில் அழுத்தமாக ஒரு பொட்டு வைத்தார். பொட்டு மட்டையைப் பார்த்திருக்கும்படி பந்தைத் தரையில் வைத்து அடிக்கச் சொன்னார். அடித்ததும் மட்டையை வாங்கி என் மூக்கருகே நீட்டினார். முகத்தின் கோடுகளில் ஒரு துளி மையும் இல்லை. கோடுகள் முடிந்து உலோகம் வளையத் தொடங்கும் இடத்தில், குழந்தைக்குக் கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டைப் போல ஒரு நீலக் கறை இருந்தது. பத்துப் பந்து அடித்தேன். ஏழில் கறை அதே இடத்தில் விழுந்தது.

இந்தப் பொட்டு வைக்கும் சோதனையைத் தங்கள் வாசகர்கள் எல்லோரும் முதலில் செய்ய வேண்டும் என்பது என் வேண்டுகோள். ஏனெனில் பந்து வலப்பக்கம் தெறித்துப் போவதற்கு நேரெதிரான இன்னொரு காரணமும் உண்டு. மட்டையின் மறு கோடியில், 'டோ' எனப்படும் நுனியில் பட்டாலும் பந்து பலவீனமாக வலப்பக்கம் போகும். அடிக்கும் கைக்கு இரண்டும் ஒரேபோல விறைப்பாகத் தெரியும். பழகியவர்களே ஏமாந்து போகிறார்கள். நுனியில் படுகிறவரின் மட்டை பந்தை எட்டாமல் உள்ளே நின்றுவிடுகிறது, கழுத்தில் படுகிறவரின் மட்டை பந்தைத் தாண்டி வெளியே போய்விடுகிறது. எது என்று தெரியாமல் மருந்து சாப்பிட்டால் நோய் வளரும். மார்க்கர் இல்லையென்றால் முகப்பவுடரை மட்டையில் லேசாகத் தடவி அடித்தாலும் போதும். பந்து பட்ட இடத்தில் பவுடர் அழிந்திருக்கும்.

சரி, பந்து வைத்த இடத்திலேயே இருக்கும்போது மட்டை ஏன் அதைத் தாண்டி வெளியே போகிறது? அடிப்பதற்கு முன், நாம் மட்டையைப் பந்துக்குப் பின்னால் தரையில் வைத்து நிற்கும்போது பந்து சரியாக முகத்தின் நடுவில்தான் இருக்கிறது. அந்த நிலைக்கும் மட்டை திரும்பி வந்து பந்தைத் தொடும் நிலைக்கும் நடுவே, உடம்போ கைகளோ பந்தை நோக்கி நகர்ந்துவிடுகின்றன. வேகமாகச் சுழலும் மட்டைத் தலை கைகளை வெளிப்பக்கமாக இழுக்கும். கயிற்றில் கட்டிய கல்லைச் சுழற்றினால் கை இழுபடுவதைப் போல. நல்ல ஆட்டக்காரர்களுக்கும் பந்தைத் தொடும் நேரத்தில் கைகள், தொடக்கத்தில் இருந்த இடத்தைவிடச் சற்று உயர்ந்தும் விலகியும்தான் இருக்கின்றன. அவர்கள் இடுப்பைப் பின்னால் திருப்பி அதற்கு இடம் ஏற்படுத்திக்கொள்கிறார்கள். நாம் இடம் கொடுப்பதில்லை.

என்னைப் போன்றவர்கள் இடம் கொடுக்காததற்கு ஒரு காரணம் நாற்காலி. முப்பத்தைந்து ஆண்டுகள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இடுப்பு, குனிந்த நிலையிலேயே சுழல மறுக்கிறது. மட்டை கீழே இறங்கத் தொடங்கியதும், திரும்ப வேண்டிய இடுப்பு பந்தை நோக்கி முன்னால் தள்ளுகிறது. பேருந்தில் இருக்கை கிடைக்கப்போகும் நேரத்தில் எழுவதைப் போல உடம்பு நிமிர்கிறது. குதிகாலில் இருந்த எடை கால்விரல்களுக்கு வருகிறது. உடம்பு இரண்டு அங்குலம் முன்னே வந்தால் கழுத்தும் இரண்டு அங்குலம் முன்னே வருகிறது. ஷாங்க் விழத் தேவைப்பட்டதோ ஓர் அங்குலம்தான். தலை அசையாமலே இவ்வளவும் நடக்கும் என்பதால்தான், தலையை நிமிர்த்தாதீர்கள் என்ற யோசனையால் எனக்கு ஒரு பயனும் ஏற்படவில்லை. தலையை முன்கூட்டியே தூக்குகிறவருக்குப் பந்தின் உச்சந்தலையில் அடி விழும்; அது தரையோடு உருண்டு ஓடும். அது வேறு பிழை.

மற்றவர்களுக்கு வேறு வழிகளிலும் இது நேர்கிறது. சிலர் தோளைக் கொண்டு இறக்குவதால் மட்டை வெளியிலிருந்து உள்ளாகக் குறுக்கே வெட்டும். அந்தப் பாதையின் தொடக்கமே பந்துக்கு வெளியே இருப்பதால் கழுத்து முதலில் பந்தைச் சந்திக்கிறது. வேறு சிலர் அளவுக்கு மீறி உள்ளிருந்து வெளியாக வீசுகிறார்கள்; ஓரளவு ஆடத் தெரிந்தவர்களுக்கு வரும் ஷாங்க் பெரும்பாலும் இந்த வகை. மட்டையைத் தொடக்கத்தில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாதியில் தளர்த்துகிறவர்களுக்குக் கை நீண்டுவிடும். மிக நெருக்கமாக நிற்பவர்களுக்குக் கைக்கு வழியே இராது. இவற்றுள் எது நம்முடையது என்பதைக் கைப்பேசியில் இலக்குக் கோட்டுக்கு நேர் பின்னாலிருந்து எடுத்த ஒரு நிமிடக் காணொளி காட்டிக் கொடுத்துவிடும். நம் பிட்டம் ஏதாவது ஒரு கம்பத்தையோ மரத்தையோ ஒட்டியிருப்பதாகப் படத்தில் தெரியும்படி நின்று படமெடுத்தால், மட்டை இறங்கும்போது அந்தக் கம்பத்துக்கும் நமக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தாலே போதும்.

தள்ளி நிற்கச் சொல்லும் யோசனைதான் மூன்றிலும் அபாயமானது என்று கருதுகிறேன். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும்: கழுத்தில் படுகிறதென்றால் விலகி நின்றால் நடுவில் பட்டுவிடும் அல்லவா? அப்படி ஆவதில்லை. விலகி நிற்பவர் பந்தை எட்டுவதற்காகக் கையை நீட்டுகிறார், முன்னே சாய்கிறார், அடிப்பதற்கு முன்பே எடை விரல் நுனிக்குப் போய்விடுகிறது. அந்த நிலையிலிருந்து வேகமாக வீசினால் உடம்பு இன்னும் முன்னே விழாமல் வேறெங்கே போகும்? நான் விலக விலக ஷாங்க் கூடியது இதனால்தான். சரியான இடைவெளி எது என்பதற்குக் கேடி எனக்குக் காட்டிய அளவு இது: இடுப்பிலிருந்து குனிந்து, கைகளைத் தோளிலிருந்து தொங்கவிட வேண்டும், ஈரத்துணியைக் கொடியில் போட்டால் எப்படித் தொங்குமோ அப்படி. தொங்கும் இடத்தில் மட்டையைப் பிடிக்க வேண்டும். பிடியின் முனைக்கும் தொடைக்கும் நடுவே ஒரு கை அகலம் புகுந்தால் சரி. குனிந்த நிலையில் ஷூவுக்குள் கால்விரல்களை மேலே மடக்கித் தூக்க முடிய வேண்டும். முடியவில்லை என்றால் எடை ஏற்கெனவே முன்னால் போய்விட்டது என்று பொருள்.

அடுத்து அவர் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தார். பந்துகள் விற்கப்படும் நீளப் பெட்டிதான். ஏழாம் எண் அயனைப் பந்துக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, மட்டையின் நுனிக்கு அப்பால் ஒரு விரல் இடம் விட்டு, இலக்குக் கோட்டுக்கு இணையாக அந்தப் பெட்டியை வைத்தார். பெட்டியைத் தொடாமல் பந்தை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். முதல் அடியில் பெட்டி பறந்தது. இரண்டாவதிலும் பறந்தது. அவர் ஒவ்வொரு முறையும் நடந்து போய் எடுத்து வந்து, நசுங்கிய மூலையை நிமிர்த்தி, அதே இடத்தில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பதினொன்றாவது அடியில் பெட்டி அசையாமல் இருந்தது, பந்து நேரே போனது. இதில் நான் கவனித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலே தூக்கிய மட்டை இறங்கி வந்து பந்தைத் தொட ஏறத்தாழ கால் நொடிதான் ஆகிறது. பந்தும் மட்டையும் ஒட்டியிருப்பது அரை மில்லி நொடி அளவு. அதற்குள் இடுப்பு, குதிகால், கை என்று நினைத்துத் திருத்திக்கொள்ள யாராலும் இயலாது. பெட்டி இருப்பதைக் கண் பார்த்துவிட்டால், உடம்பு தன் பாதையைத் தானே மாற்றிக்கொள்கிறது. வாசல் நிலை தாழ்வாக இருந்தால் சொல்லாமலே தலை குனிவதைப் போல. அட்டைக்குப் பதில் செங்கலையோ மரக்கட்டையையோ யாரும் வைத்துவிடக் கூடாது. மணிக்கட்டு போய்விடும்.

பெட்டி கைவந்த பிறகு இரண்டு பந்துப் பயிற்சி. இரண்டு பந்துகளை நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு, ஒன்று நமக்கு அருகிலும் மற்றது அப்பாலும் இருக்கும்படி வைத்து, வெளிப்பந்துக்குப் பின்னால் மட்டையை வைத்து நின்று, உள்பந்தை மட்டும் அடிக்க வேண்டும். ஷாங்க் அடிக்கும் கைக்கு இது முதலில் நடக்கவே நடக்காது என்று தோன்றும். வீட்டில் செய்வதற்கும் ஒன்று உண்டு. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகை நம் பின்புறத்தைத் தொடும்படி வைத்துக்கொண்டு, மட்டையின்றி, கைகளைச் சேர்த்துப் பிடித்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். மேலே போகும்போது வலது பிட்டம் நாற்காலியைத் தொட்டிருக்க வேண்டும். கீழே வரும்போது தொடுகை விடுபடாமல் இடது பிட்டத்துக்கு மாற வேண்டும். நாள்தோறும் நாற்பது முறை செய்தேன். வீட்டில் இருப்பவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்த ஒரு வாரம் ஆனது.

மலைப்பகுதி மைதானங்களில் ஆடுகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. ஊட்டியிலும், 1895ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கொடைக்கானல் கோல்ஃப் கிளப்பிலும் சமதரையில் பந்து கிடைப்பது அன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. பந்து காலைவிடத் தாழ்ந்த சரிவில் கிடக்கும்போது, சரிவே நம்மை விரல் நுனிக்குத் தள்ளுகிறது. சமவெளியில் ஒழுங்காக ஆடுகிறவரும் அங்கே ஷாங்க் அடிப்பது அதனால்தான். முழங்காலை இன்னும் மடித்து, குதிகாலில் அழுத்தி உட்காருவதைப் போல நின்று, முக்கால் வீச்சோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பந்து காலைவிட உயர்ந்து கிடந்தால் அது நமக்கு மிக அருகில் வந்துவிடுவதால், பிடியைச் சில அங்குலம் தாழ்த்திப் பிடிக்க வேண்டும்.

கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைக்கு, முப்பது, நாற்பது கஜம் இருக்கும்போது வெட்ஜால் அடிக்கும் சின்ன அடியில் வரும் ஷாங்க்தான் மனிதனை மிகவும் நோகடிப்பது. வலுவே தேவைப்படாத அடியில் எப்படி இது வந்தது என்று நினைப்போம். வலு தேவைப்படாததால்தான் வருகிறது. சின்ன அடி என்றதும் உடம்பைத் திருப்பாமல் நிறுத்திவிட்டு, கையை மட்டும் பந்தை நோக்கிப் பக்குவமாகத் தள்ளுகிறோம். பக்குவமாகத் தள்ளிய கை வெளியே போகிறது. எவ்வளவு சின்ன அடியானாலும், பந்து போன பிறகு சட்டைப் பொத்தான்கள் இலக்கைப் பார்க்கும்படி மார்பு திரும்பி முடிய வேண்டும். இந்த ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு அடித்ததில் என் வெட்ஜ் ஷாங்க் அநேகமாக நின்றது.

ஆட்டத்தின் நடுவே திடீரென்று வந்துவிட்டால் பெட்டிக்கும் நாற்காலிக்கும் எங்கே போவது? அப்போதைக்குச் செய்யக்கூடியது, மட்டையை வைக்கும்போதே பந்து நடுவில் இல்லாமல் நுனிப்பக்கம் இருக்கும்படி வைத்து, பிடியைத் தளர்த்தி, முக்கால் வீச்சில் அடிப்பது. அயனுக்கும் பெரிய தலை மட்டைக்கும் இடைப்பட்ட ஹைப்ரிட் மட்டை கையிருப்பில் இருந்தால் அன்று மாலை வரை அயனுக்கு ஓய்வு கொடுத்துவிடலாம். இது ஒட்டுப்போடும் வேலைதான். மறுநாள் காலையில் பெட்டியை எடுக்கத்தான் வேண்டும்.

இந்தப் பிழையைச் சுற்றி ஒரு மூடநம்பிக்கையும் இருக்கிறது. எங்கள் நால்வர் குழுவில் ஷாங்க் என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் சொன்னவருக்கு வந்துவிடுமாம். கிராமத்தில் இருட்டிய பிறகு பாம்பு என்று சொல்லாமல் பூச்சி என்பார்களே, அதைப் போல "அது வந்துடுச்சு" என்கிறார்கள். உலகம் முழுவதும் இந்தப் பழக்கம் உண்டு. பயத்துக்குக் காரணம் இல்லாமலும் இல்லை. ஷாங்க் விழுந்தவர் அடுத்த அடியில் உடம்பை இறுக்குகிறார், இறுகிய உடம்பு திரும்புவதில்லை, திரும்பாததால் அடுத்ததும் விழுகிறது. ஆனால் இது விதியும் அல்ல, கத்துக்குட்டிகளுக்கு மட்டும் வருவதும் அல்ல. 1972ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெபிள் பீச்சில் நடந்த கிராஸ்பி போட்டியின் இறுதிச் சுற்றில், 16ஆவது குழியில் தொழில்முறை ஆட்டக்காரர் ஜானி மில்லர் ஷாங்க் அடித்தார்; சமநிலையை முறிக்க ஆடும் பிளேஆஃபில் ஜாக் நிக்லஸ் அவரை வென்றார். அதே மில்லர் மறு ஆண்டு ஓக்மாண்டில் இறுதிச் சுற்றை 63 அடிகளில் முடித்து அமெரிக்க ஓப்பனை வென்றார். 2017ஆம் ஆண்டு பிளேயர்ஸ் போட்டியில், கடைசிக் குழியில் இயன் போல்ட்டர் அடித்த இரண்டாவது அடி ஷாங்காகி வலப்பக்க மரங்களுக்குள் போனது. அங்கிருந்து மீண்டு, அந்தக் குழிக்கு உரிய அடிக்கணக்கைவிட ஒரே ஒரு அடி கூடுதலாக முடித்து, இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஆயுள் முழுவதும் பந்தடித்தே பிழைப்பவர்களின் கழுத்தும் ஓர் அங்குலம் வெளியே போகிறது. பிழையின் பெயரைச் சொல்லாமல் இருந்தால் பொட்டு வைத்துப் பார்க்கவும் தோன்றாது என்பதுதான் இந்தப் பழக்கத்தின் உண்மையான கேடு.

கடைசியாக, தங்கள் குறிப்பில் ஒரு வரிகூட இல்லாத ஒன்று. ஷாங்க் ஆன பந்து எங்கே போகும் என்பதை அடிப்பவர் ஊகிக்க முடியாது. அது தாழ்வாக, மனித உயரத்தில், வலப்பக்கம் முன்னால் நிற்பவரை நோக்கிப் போகிறது. 46 கிராம் எடையுள்ள கெட்டியான பந்து அது. பெரும்பாலும் அங்கே நிற்பவர் கேடி. பையைத் தூக்கி வந்து தருபவர் நமக்கு வசதியான இடத்தில், அதாவது அபாயமான இடத்தில் நிற்கும்படி நாமே பழக்கிவிட்டிருக்கிறோம். பந்து அடிக்கப்படும் கோட்டுக்குப் பின்னால் அவரை வரச் சொன்ன பிறகே மட்டையைத் தூக்குவது என்று பழகிக்கொள்ள எனக்கு ஒரு தண்ணீர்ப் பாட்டில் தேவைப்பட்டது. பயிற்சி மைதானங்களில் அடுத்தடுத்து நின்று அடிப்பவர்களுக்கு நடுவே தடுப்புத் தட்டியோ வலையோ இல்லாத இடங்களை நான் பார்த்திருக்கிறேன். ஷாங்க் இருப்பதாகத் தெரிந்தவர் அங்கே வலது கோடியில் உள்ள இடத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பந்து திசைமாறியதும் வெட்கத்தால் வாயை மூடிக்கொள்ளாமல், கோல்ஃபில் எச்சரிக்கைக் குரலான "ஃபோர்" என்பதைத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். பந்தைத் தேட 2019 முதல் மூன்று நிமிடம்தான் அனுமதி. ஆனால் எச்சரிப்பதற்கு ஒரு நொடிகூட இல்லை.

தங்கள் பக்கத்தில் இதற்குத் திருத்தம் வெளியிடுவதாக இருந்தால், அயன் மட்டையின் தலையைப் பக்கத்திலிருந்து எடுத்த ஒரு படத்தைப் போட்டு, முகம் முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தை அம்புக்குறியால் காட்டினாலே பாதி விளங்கிவிடும். படத்துக்கு என் ஏழாம் எண் அயனைத் தர நான் தயார். சென்ற வாரம் பதினான்காவது குழியில் ஒன்று விழுந்ததன் நீலக் கறை இன்னும் அதில் இருக்கிறது. நசுங்கிய பெட்டி காரின் பின்பக்கத்தில் கிடக்கிறது. மூலைகளுக்கு இரண்டு முறை டேப் ஒட்டியாயிற்று.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கோயம்புத்தூர்.